மெனு திரைக்குப் பின்னால் கை போக வேண்டும்

மதியம் ஒரு மணி. கவுன்டருக்கு முன்னால் வரிசை வாசல்வரை நிற்கிறது. தலைக்கு மேல் மூன்று மெனு திரைகள். நடுவில் இருந்தது மட்டும் கறுத்துவிட்டது. நான் ஏணியில் ஏறி, திரைக்கும் சுவருக்கும் இடையில் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருக்கிறேன். இடைவெளி 3 செ.மீ.கூட இல்லை. நான்கு விரல்கள் போகின்றன, முட்டி போகவில்லை. விரல் நுனியில் சூடாக ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி தட்டுப்படுகிறது. அதுதான் திரைக்கு மெனுப் படத்தை அனுப்பும் பிளேயர். அதன் வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினால் படம் வந்துவிடும். ஆனால் பிடிக்க முடியவில்லை.

கடைசியில் சமையலறையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, இரண்டு பேருமாகத் திரையைத் தூக்கிக் கொக்கியிலிருந்து கழற்றினோம். மொத்தம் 40 நிமிடம் ஆனது. அதில் 38 நிமிடம் அந்த வயரைத் தொடுவதற்கே போயிற்று.

கடை திறந்து இரண்டாவது வாரம் அது. மெனு திரை வாங்குவதை நான் டிவி வாங்குவதுபோல நினைத்திருந்தேன். நல்ல படம், நல்ல விலை, கொண்டுவந்து மாட்டினால் வேலை முடிந்தது என்று. அப்படி இல்லை. இது சுவர் வேலை. பூச்சு பூசுவதற்கு முன்பே பாதி முடிந்திருக்க வேண்டிய வேலை. முதல் உணவகத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து, இரண்டாவதைத் தொடங்கியபோது செங்கல் சுவராக இருக்கும்போதே மின்சாரத்துக்கும் நெட்வொர்க்குக்கும் நானே உட்கார்ந்து திட்டம் போட்டேன். வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எது எங்கே வேண்டும், எது எதற்காக வேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. நாம் சொல்லாவிட்டால் அவர் டிவிக்குப் போடுவதுபோல ஒரு பாயின்ட் போட்டுவிட்டுப் போவார்.

எங்களுக்கு நடந்ததும் அதுதான். ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதைத் திரை எடுத்துக்கொண்டது. பிளேயருக்கு இடமில்லை என்பதால், அதற்கான மின்சாரத்தைத் திரையின் யுஎஸ்பி துளையிலிருந்தே எடுத்தோம். யுஎஸ்பி 2.0 துளை முறைப்படி தருவது 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். பிளேயர் கேட்டது 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 10 வாட். அசையாத படம் இருந்தவரை எப்படியோ சமாளித்தது. வீடியோ ஓடத் தொடங்கியதும் மின்சாரம் போதாமல் தானே அணைந்து தானே எழுந்தது. அந்த மதியம் எழவே இல்லை. இப்போது நான் ஒரு திரைக்கு மூன்று பாயின்ட் கேட்கிறேன்: திரைக்கு ஒன்று, பிளேயருக்கு ஒன்று, நாளைக்கு எது வந்தாலும் அதற்கு ஒன்று. “எதுக்கு அக்கா இவ்வளவு?” என்று எலக்ட்ரீஷியன் தம்பி கேட்டார். சுவரை மூடிய பிறகு ஒரு பாயின்ட் சேர்க்க என்ன ஆகும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். போட்டுக் கொடுத்தார்.

இரண்டாவது உணவகத்தில் முதலில் செய்த காரியம், செய்தித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரை அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டியதுதான். 43 அங்குலத் திரை ஏறக்குறைய 95 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம். 55 அங்குலம் என்றால் 122-க்கு 69. சட்டத்தையும் சேர்த்தால் ஓரிரு செ.மீ. கூடும். ஒட்டிவிட்டு, வரிசை தொடங்கும் இடத்தில் போய் நின்று பார்த்தேன். கணினியில் வரைந்த படத்தில் தெரியாத இரண்டு விஷயங்கள் அங்கே தெரிந்தன. கூரையிலிருந்து தொங்கவிருந்த விளக்கு ஒன்று நடுத்திரையின் மேல்மூலையை மறைத்தது. ஏசியின் காற்று வரும் வாய் வலப்பக்கத் திரைக்கு நேர் மேலே விழுந்தது. அந்த வாயிலிருந்து என்றாவது தண்ணீர் சொட்டினால் நேராகத் திரைக்குள்தான் போகும். இரண்டையும் காகிதத்திலேயே நகர்த்தினோம். செலவே இல்லை.

அடுத்தது, காகிதத்தின் மேலேயே பாயின்ட்டுகளைக் குறித்தோம். திரையின் முதுகில் பிராக்கெட் மாட்ட நான்கு துளைகள் இருக்கும். வேசா என்ற பொது அளவுப்படி அவை 200-க்கு 200 அல்லது 400-க்கு 400 மி.மீ. என்பதுபோல் வரும். ஆக, நடுப்பகுதி பிராக்கெட்டுக்கு உரியது. முதல் உணவகத்தில் பிளக் பெட்டியைச் சரியாக நடுமையத்தில் வைத்துவிட்டார்கள். பார்க்க அழகான கணக்கு. ஆனால் பிராக்கெட்டின் இரும்புத் தகடு பெட்டியின் பாதியை மூடிவிட்டது. இந்த முறை மின்சாரப் பெட்டி இடப்பக்கம், நெட்வொர்க் பெட்டி வலப்பக்கம், இரண்டும் திரையின் நிழலுக்குள், பிராக்கெட்டுக்கு வெளியே. இரண்டும் சுவருக்குள் ஆழமாகப் பதிந்தவை. பிளக்கும் அதிலிருந்து வளைந்து வரும் வயரும் சேர்ந்தால் எளிதாக 5 செ.மீ. துருத்தும். பெட்டி சுவர் மட்டத்தில் இருந்தால் திரை சுவரோடு ஒட்டாது. ஜிப்சம் போர்டு சுவர் என்றால் பிராக்கெட் வரும் இடத்தில் போர்டுக்குப் பின்னால் பிளைவுட் கட்டச் சொல்லிவிடுங்கள். வெறும் ஜிப்சம் அந்த எடையைத் தாங்காது.

பிராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பக்கத்திலிருந்து அமுக்கினால் திரை தானாக முன்னுக்கு வரும் வகை ஒன்று உண்டு. பல திரைகளைச் சேர்த்து ஒரே பெரிய சுவராக வைப்பவர்கள் பயன்படுத்துவது. சாதாரணப் பிராக்கெட்டைவிட விலை கூடத்தான். இரண்டாவது உணவகத்தில் வேறு எதில் குறைத்தாலும் இதில் குறைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். ஏணியில் நின்று விரலால் தடவிய அந்த மதியம் இன்னும் மனதில் இருக்கிறது.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். மூன்று 43 அங்குலத் திரைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் அதிகபட்சம் 150 வாட் என்று எழுதியிருந்தால் மொத்தம் 450 வாட். 230 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான் வரும். “இவ்வளவுதானே, பக்கத்து லைனிலேயே சேர்த்துவிடலாம்” என்று தோன்றுவது இந்த இடத்தில்தான். முதல் உணவகத்தில் அப்படித்தான் சேர்த்தார்கள், குளிர்பதனப் பெட்டி இருந்த லைனில். அதன் கம்ப்ரசர் ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு கணம் வோல்டேஜ் இறங்கும். விளக்கு லேசாகக் கண் சிமிட்டும், அவ்வளவுதான். ஆனால் பிளேயருக்கு அந்தக் கணமே போதும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஏதாவது ஒரு திரை ‘தொடங்குகிறது’ என்று வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டை மாற்றினோம். மூன்றாவதும் அப்படியே செய்தபோதுதான் சந்தேகம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

ஆக, திரைகளுக்கு கடைக்குள் மின்சாரம் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து நேராக ஒரு தனி லைன். அதில் மோட்டார் உள்ள எதுவும் வரக்கூடாது, சூடாக்கும் கருவி எதுவும் வரக்கூடாது. மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்சிபி எந்த வகை என்றும் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். திரைகளுக்குள் இருக்கும் பவர் சப்ளை, ஆன் செய்யும் முதல் சில மில்லி விநாடிகளில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். பி வகை எம்சிபி தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழும். சி வகை உடனே விழ 5 முதல் 10 மடங்கு ஆக வேண்டும். எங்களுக்கு சி வகை சரியாக வந்தது. திரைகள் கூடுதலாக இருந்தால் இரண்டு லைனாகப் பிரித்துவிடுவது நல்லது. ஒன்று விழுந்தாலும் பாதி மெனுவாவது தெரியும்.

ஆர்சிசிபி பற்றியும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் இது எங்கள் எலக்ட்ரீஷியனையே ஒரு வாரம் அலைக்கழித்தது. மின்கசிவு 30 மில்லி ஆம்பியர் ஆனால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. உயிரைக் காப்பது, அதைக் கழற்றுவது என்ற பேச்சே கூடாது. ஆனால் கணினி, பில் இயந்திரம், திரை எல்லாவற்றின் பவர் சப்ளையிலும் இயல்பாகவே துளித்துளியாகக் கசிவு உண்டு. ஒவ்வொன்றும் அரை, ஒரு மில்லி ஆம்பியர் என்று பத்துப் பதினைந்து கருவிகள் ஒரே ஆர்சிசிபியின் கீழ் இருந்தால் எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம். தர விதிப்படி 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். காலையில் தரையைத் துடைத்த ஈரம் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொட்டதும் மொத்தக் கடையும் இருண்டது. எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடந்தது எங்கள் தவறு. ஆனால் திரை, பில், குளிர்பதனம் எல்லாம் ஒரே ஆர்சிசிபியின் கீழ் இருந்தது திட்டத்தின் தவறு. பிரித்தோம்.

இரவு நடந்த இன்னொன்று. கடை மூடும் பையன்கள் பொறுப்பானவர்கள். போகும்போது கவுன்டர் பக்கச் சுவிட்சுகள் அத்தனையையும் அணைத்துவிட்டுத்தான் போவார்கள். அதில் ஒன்று திரைகளின் சுவிட்ச். பிளேயர் இரவு புது மெனுவை இறக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கினால், அதன் மெமரி கார்டு பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். இரண்டு கார்டுகள் அப்படிப் போயின. அவர்களைக் குறை சொல்ல முடியாது, சுவிட்ச் இருந்தால் அணைக்கத்தான் செய்வார்கள். இரண்டாவது உணவகத்தில் திரை லைனுக்குச் சுவரில் சுவிட்சே கிடையாது. நேராக எம்சிபி, அதன் மேல் ‘மெனு திரை – அணைக்க வேண்டாம்’ என்று சீட்டு. இரவு திரையை உறங்கவைப்பதும் காலையில் எழுப்புவதும் மென்பொருளின் வேலை.

யுபிஎஸ் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். திரைகளுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பிளேயர், நெட்வொர்க் சுவிட்ச் (நெட்வொர்க் வயர்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி), ரவுட்டர், இணைய மோடம், இவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். திரை அணைந்து எரியச் சில விநாடிகள்தான். பிளேயரும் ரவுட்டரும் அணைந்தால் முழுதாக எழுந்து ஒன்றையொன்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகிறது. எங்கள் கணக்கில் இந்தச் சின்னக் கருவிகள் எல்லாம் சேர்ந்து 70 வாட்டைத் தாண்டவில்லை. சிறிய யுபிஎஸ் ஒன்றே அவற்றை நன்றாகத் தாங்குகிறது. கூடவே டிபி பாக்ஸில் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் எஸ்பிடி ஒன்றும் போட்டுக்கொண்டோம்.

திரை வாங்கும்போது ஒரு சோதனை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். விற்பனையாளர் கண்முன்னாலேயே படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி, பத்து விநாடி கழித்துச் சொருகுங்கள். எச்டிஎம்ஐ வயர் வழியாக பிளேயரிலிருந்து வரும் படத்துக்கே தானாகத் திரும்புகிறதா? வீட்டு டிவிகள் பல, மின்சாரம் வந்ததும் சிவப்பு விளக்கோடு தூங்கிவிடும், அல்லது தன் முகப்புப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். ரிமோட்டைத் தேடி மூன்று திரைக்கும் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கென்றே வரும் திரைகளில், மின்சாரம் வந்ததும் எரிய வேண்டும் என்று அமைக்க முடியும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் அல்லது 24 மணி நேரம் ஓடலாம் என்று அவற்றின் குறிப்பிலேயே எழுதியிருக்கும். வெளிச்சமும் கூடுதல். வீட்டு டிவி 250, 350 நிட்ஸ் அளவில் நிற்கும், இவை 500-க்கு மேல் போகும். வெயிலைப் பார்த்துக் கண்ணாடிக்குள் நிற்கும் திரைக்கு 2,500 நிட்ஸ்கூடத் தேவைப்படும். வெளிச்சம் கூடினால் வாட்டும் கூடும், சூடும் கூடும் என்பதை லைன் போடும்போதே கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

இனி நெட்வொர்க். முதல் உணவகத்தில் எல்லாத் திரைகளும் வைஃபையில் ஓடின. வயர் இழுக்கும் தொல்லை இல்லை என்று மகிழ்ந்தோம். காலையில் நன்றாக இருக்கும். கூட்டம் சேரச் சேரத் தடுமாறும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பழைய வைஃபையும் அதே இடம். எவர்சில்வர் மேசையும் தடுப்பும் அலையைத் திருப்பி அடிக்கின்றன. நிறைந்து நிற்கும் மனித உடல்கள் அதை உறிஞ்சுகின்றன. எல்லாம் ஒன்றாக உச்சத்துக்கு வருவது மதிய நேரத்தில், நமக்குத் திரை அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில்.

ஆனால் எங்களை உண்மையாகவே திணறவைத்தது அலை இல்லை, முகவரி. ஒரு விடுமுறை நாள் சாயங்காலம். தீர்ந்துபோன ஒன்றை மெனுவிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு திரைகள் மாறின, ஒன்று மாறவில்லை. வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து அதையே கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது. வைஃபை பலமாக இருக்கிறது, இணையம் வேலை செய்கிறது, அந்தத் திரைக்கு மட்டும் எட்டவில்லை. இரவு ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு முகவரி எண் கொடுக்கும். எங்கள் நெட்வொர்க்கில் மொத்தமே 254 முகவரிகள்தான் இருந்தன. வாடிக்கையாளர்களுக்கும் அதே வைஃபையைத் திறந்துவிட்டிருந்தோம். வந்துபோன ஒவ்வொரு கைப்பேசியும் ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு, போன பிறகும் 24 மணி நேரம் தன் பெயரிலேயே வைத்திருந்தது. பிளேயர் ஒருமுறை அணைந்து எழுந்து, புதிதாக முகவரி கேட்டபோது கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

அன்றிலிருந்து மூன்று பிரிவுகள். விலான் என்ற முறையில், ஒரே வயரிங்கில் தனித்தனிச் சுவர் எழுப்பியதுபோலப் பிரிக்கலாம். பில் போடும் இயந்திரங்களும் கார்டு இயந்திரமும் ஒன்றில், திரைகள் ஒன்றில், வாடிக்கையாளர் வைஃபை தனியாக. ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தொட முடியாது. கார்டு விவரம் புழங்கும் இடத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பது பாதுகாப்புக்கும் நல்லது. திரைகளுக்கு முகவரியை ரவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன். வாடிக்கையாளர் பிரிவில் முகவரி தங்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தேன்.

இரண்டாவது உணவகத்தில் ஒவ்வொரு திரைக்கும் கேட் 6 என்ற வகை நெட்வொர்க் வயர்கள் இரண்டு, இரண்டும் ரவுட்டரும் நெட்வொர்க் சுவிட்சும் இருக்கும் அலமாரியிலிருந்து நேராக. ஒன்று வேலைக்கு, ஒன்று கையிருப்பு. நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அதில் சுவருக்குள் போகும் பகுதி 90, இரு முனையிலும் சொருகும் துண்டு வயர்களுக்கு 10. உணவகத்துக்குள் இது பிரச்சினையே ஆகாது. பிரச்சினை ஆவது வயரின் தரம். விலை குறைவாக வரும் சில சுருள்களில் உள்ளே இருப்பது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். மின்தடை கூடுதல், வளைத்தால் ஒடியும். ஒரு துண்டை வெட்டி, கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் முதல் சுருளை நான் அப்படித்தான் திருப்பினேன்.

நல்ல செம்பு வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் பிஓஇ. நெட்வொர்க் வயர் வழியாகவே மின்சாரமும் அனுப்பும் முறை. 2003-இல் வந்த முதல் தர விதியில் சுவிட்ச் முனையில் 15.4 வாட், 2009-இல் வந்ததில் 30 வாட், 2018-இல் வந்ததில் 90 வாட்வரை. திரைக்கு வேண்டாம், பிளேயருக்கு முதல் அளவே தாராளம். பிளேயருக்கே பிஓஇ வசதி இல்லை என்றாலும், வயர் முனையில் 5 வோல்ட் பிரித்துத் தரும் சிறிய பெட்டி கிடைக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, பிளேயரின் மின்சாரம் யுபிஎஸ் இருக்கும் அலமாரியிலிருந்தே வருகிறது என்பது. அதைவிடப் பெரியது, பிளேயர் உறைந்துபோனால் ஏணி வேண்டாம். கைப்பேசியில் நெட்வொர்க் சுவிட்சின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அந்தத் துளையின் மின்சாரத்தை அணைத்துப் போட்டால் போதும். வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அப்புறம், பிளேயர்களை எல்லாம் ஒரே அலமாரியில் வைத்துவிட்டு எச்டிஎம்ஐ வயரை மட்டும் திரைக்கு இழுக்கலாமே என்று கேட்கலாம். யோசித்தோம். 4கே படத்துக்குச் சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ வயர் 5 மீட்டருக்குள் இருந்தால் நம்பலாம். அதற்கு மேல் போகப்போக மின்னல்போல வெள்ளைப் புள்ளிகள் வரும், அல்லது படமே வராது. நீளத்துக்கு ஆப்டிகல் எச்டிஎம்ஐ உண்டு, கேட் 6 வழியாக அனுப்பும் பெட்டிகளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு பெட்டியும் கெட்டுப்போக இன்னொரு வாய்ப்பு. எனக்குத் திரைக்குப் பின்னால் பிளேயர், அரை மீட்டர் எச்டிஎம்ஐ, பிஓஇ என்ற கூட்டுதான் நிம்மதி தந்தது.

எச்டிஎம்ஐ என்றதும் குழாய் நினைவுக்கு வருகிறது. முதல் உணவகத்தில் சுவருக்குள் 20 மி.மீ. குழாய் போட்டிருந்தார்கள். பின்னாளில் ஒரு எச்டிஎம்ஐ வயரை அதில் இழுக்கப் பார்த்தோம். வயர் மெல்லியதுதான், ஆனால் அதன் தலை ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். முதல் வளைவுக்கே போகவில்லை. சுவரைக் கொத்தினோம். இப்போது 40 மி.மீ. குழாய் கேட்கிறேன். இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு பெட்டி. குழாயில் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. வயர் இழுத்த பிறகும் உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவைக்கிறோம், அடுத்த வயரை இழுக்க. மின்சார வயரும் நெட்வொர்க் வயரும் ஒரே குழாயில் போகவே கூடாது. இணையாக ஓடும் இடத்தில் 30 செ.மீ. விலக்கி, குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கச் சொன்னேன்.

பூச்சு பூசும் முன், ஜிப்சம் மூடும் முன், அளவு டேப்பைச் சுவரோடு பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழாயையும் படம் எடுத்தோம். நூறு படங்களுக்கு மேல் இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு அலமாரிக்குத் துளை போட வந்த தச்சர், “இங்க உள்ள ஏதாவது போகுதா?” என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தரையிலிருந்து 142 செ.மீ.-இல் குழாய் போகிறது, நீங்கள் பத்து செ.மீ. கீழே போடுங்கள் என்று சொல்ல முடிந்தது.

சூடும் எண்ணெய்ப் புகையும் பற்றிச் சுருக்கமாக: பெரும்பாலான திரைகள் 40 டிகிரி செல்சியஸ்வரைதான் இயங்க ஒப்புக்கொள்கின்றன. சமையலறை வாசலுக்கு மேல், கூரையை ஒட்டி வைத்தால் அந்த எல்லை நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு தெர்மாமீட்டரை அந்த உயரத்தில் ஒரு மதியம் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஓஎல்இடி வகைத் திரை வேண்டாம், அசையாத எழுத்து அதில் தழும்பாகப் பதிந்துவிடும். திரையை நெடுக்காக நிறுத்துவதானால் அப்படி நிறுத்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும், காற்றுத் துளைகளின் திசை மாறிவிடுகிறது.

இரண்டாவது உணவகத்தைத் திறந்த பிறகும் ஒரு விஷயம் எங்களை மடக்கியது. காலை பத்து மணிக்குப் போன மின்சாரம் மதியம் இரண்டு மணிக்கு வந்தது. யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது, எல்லாம் அணைந்து எழுந்தன. மூன்று திரைகளிலும் காலை மெனு. பிளேயர் நன்றாகத்தான் இருக்கிறது, மெனுவும் உள்ளே இருக்கிறது, ஆனால் அதன் கடிகாரம் பத்து மணி என்கிறது. நாங்கள் பிளேயராகப் பயன்படுத்தியது ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி. அதில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. கடைசியாகத் தெரிந்த நேரத்திலிருந்து தொடங்கி, இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கித் திருத்திக்கொள்ளும். அன்றைக்கு இணைய இணைப்பு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. 2023-இல் வந்த ராஸ்பெர்ரி பை 5-இல் கடிகாரம் உண்டு, ஆனால் அதற்கான பேட்டரியை நாம்தான் இணைக்க வேண்டும். எங்கள் பழைய பிளேயர்களுக்குச் சிறிய கடிகாரப் பலகையை வாங்கிச் சொருகினோம். காலை மெனு, மதிய மெனு என்று நேரம் பார்த்து மாறும் எந்தத் திரைக்கும் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். மெனு பிளேயருக்குள்ளேயே சேமிக்கப்பட்டு, இணையம் இல்லாமலும் ஓடுகிறதா என்பதையும் கூடவே கேளுங்கள்.

முனைகளில் சீட்டு ஒட்டுவது சின்ன வேலைபோலத் தெரியும். ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண், அதே எண் சுவர்ப் பெட்டியிலும், நெட்வொர்க் சுவிட்சின் துளையிலும். எந்த எண் எந்தத் திரை என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். திறப்பதற்கு முந்தைய இரவு அந்தத் தாளை வைத்துக்கொண்டு, எலக்ட்ரீஷியன் தம்பியும் நானும் மெயினை ஏழு முறை அணைத்துப் போட்டோம். இணையத்தைப் பிடுங்கினோம். ஒவ்வொரு வயராகக் கழற்றி என்ன நடக்கிறது என்று பார்த்தோம். ஐந்தாவது முறையில் வலப்பக்கத் திரை மட்டும் எழவில்லை. திரையின் அமைப்பில் ஒரு விருப்பம் மாறியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, இன்னும் இரண்டு முறை அணைத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போனோம்.

திறந்து நான்காவது மாதம் ஒரு மதியம், நடுத்திரை மறுபடி கறுத்தது. நான் ஊரில் இல்லை. கேஷ் கவுன்டரில் இருக்கும் பெண் கைப்பேசியில் கூப்பிட்டாள். அலமாரியில் இரண்டாம் எண் துளையை அணைத்துப் போட்டேன், வரவில்லை. பிளேயரே போய்விட்டது. “அக்கா, இருங்க, நானே பார்க்கிறேன்” என்றாள். திரையின் அடிப்பக்கத்தை அமுக்கியிருக்கிறாள், அது முன்னுக்கு வந்திருக்கிறது. இரண்டாம் எண் வயரைக் கழற்றி, இழுப்பறையில் இருந்த மாற்றுப் பிளேயரில் சொருகி, திரையைத் திரும்ப உள்ளே தள்ளியிருக்கிறாள். கைப்பேசியை வைக்கவே இல்லை, எல்லாம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான்கு நிமிடத்தில், “வந்துடுச்சு அக்கா, அடுத்தவங்க நிக்கிறாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.